பந்தை மட்டும் பார்த்தவர்கள்

ஐந்து ஆண்டுகளாக அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் பந்தை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஏர்கோன் ஒரு மூலைக்கு மட்டும் காற்று அனுப்பும் அறைதான் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் முடியும்போது இங்கே திங்கட்கிழமை காலை. பதினொரு மணிவாக்கில் வீடியோ வந்துவிடும். ஒவ்வொரு வீச்சையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எறிந்தான், யாருக்கு எறிந்தான், எவ்வளவு தூரம், கெட்டுப்போனால் தவறு யாருடையது என்று கட்டங்களில் குறிக்க வேண்டும். அங்கே ஒரு குழு அந்தக் குறிப்புகளைக் காசு கொடுத்து வாங்குகிறது. அவர்கள் ஊரிலேயே ஆள் வைத்துச் செய்யலாம். நாங்கள் மலிவு, வேறு காரணம் எதுவும் இல்லை.

கல்யாண வீடுகளில் கால்பந்து வேலை என்று சொன்னால் எந்த இங்கிலாந்து கிளப் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நீள்வட்டப் பந்து, காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதுதான் அதிகம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருப்பார்கள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அதற்கும் யாரும் மயங்கி விழுவதில்லை.

எங்கள் முதலாளி ரவாங்கில் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவர். அவருக்கு வாய்தான் மூலதனம். விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஓர் அமெரிக்கரிடம் பேசியே இந்த ஒப்பந்தத்தை வாங்கிவிட்டதாகச் சொல்வார். அந்தக் கதையில் விமானம் ஒவ்வொரு முறையும் வேறு ஊருக்குப் போகும். விளையாட்டு விதிகளில் பாதிகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அதன் சம்பள ஏற்பாடு மட்டும் மனப்பாடம்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு குழுவும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கேப் என்பார்கள். பணக்காரக் குழு ஒன்று நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிக் குவித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்தது. ஒருவனுக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவனை அனுப்பித்தான் ஆக வேண்டும். கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் முன்பணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பங்கு பிரித்துக் காட்டிக்கொள்ளலாம். நடுவில் ஆள் போய்விட்டாலும் மீதிப் பங்கு கேப்புக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குச் செத்த பணம் என்று பெயர். வாடிக்கையாளர் கேட்டதால் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களையும் நாங்கள் அட்டவணை போட்டோம். அப்படித்தான் முதலாளிக்கு இந்த ஞானம் வந்தது.

வந்த ஞானம் சும்மா இருக்குமா? ஒருநாள் வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் போட்டார். உள்ளே எங்கள் ஆறு பேரின் சம்பளத்தையும் எழுதினார். இனி இதுதான் நம் கேப், இதைத் தாண்ட முடியாது, நாமும் ஒரு புரொபஷனல் டீம் என்றார். பணக்காரர்களைக் கட்டிப்போட வந்த விதியை இந்த மனிதர் மாதச் சம்பளக்காரர்களைக் கட்டிப்போட எடுத்துக்கொண்டார். அவருடைய சம்பளமும் புதுக் காரும் அந்த வட்டத்துக்குள் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் ஓனர் லா. பிளேயர் இல்ல" என்றார்.

அந்த ஆறு பேரில் என் பக்கத்து மேசைக்காரி கேரி தீவிலிருந்து வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் வந்து, ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி நடந்து, எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். டேட்டா என்ட்ரி என்று விளம்பரம் பார்த்து வந்தவள். விளையாட்டைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்றே மாதத்தில் எங்கள் யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்த்தோம். அவள் கால்களைப் பார்த்தாள்.

தடுக்கிறவர்கள் இரண்டு விதமாக நிற்பார்கள். ஆளுக்கு ஆள் துரத்துவது ஒன்று. ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு இடத்தைக் காவல் காப்பது இன்னொன்று. பந்தை எறிகிறவனான குவார்ட்டர்பேக் இதைக் கண்டுபிடிப்பதற்காகவே, ஒவ்வொரு முறையும் பந்து தன் கைக்கு வருமுன் தன் ஆள் ஒருவனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடவிடுவான். எதிரணி ஆள் ஒருவன் கூடவே ஓடினால் ஆளைத் துரத்துகிறார்கள். யாரும் ஓடாமல் லேசாக நகர்ந்து நின்றால் இடத்தைக் காக்கிறார்கள். பந்து அப்போது தரையில் இருக்கும். பந்தைப் பார்க்கிறவனுக்கு இது எதுவும் தெரியாது.

ரிசீவர் என்னும் பிடிக்கிறவனும் இதைப் படிக்க வேண்டும். சில ஓட்டங்களில் அவனுக்கு இரண்டு வழி உண்டு. தன்னைத் துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடத்தைக் காத்தால், இரண்டு காவலுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நின்று திரும்ப வேண்டும். குவார்ட்டர்பேக் அவன் திரும்பும்வரை காத்திருக்க மாட்டான். திரும்புவான் என்று நம்பி முன்னாலேயே எறிந்துவிடுவான். இரண்டு பேரும் ஒரே மாதிரி படித்தால் பந்து கைக்கு வரும். இல்லையென்றால் எதிரியின் கைக்குப் போகும். இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தது அவள்தான். மதியச் சாப்பாட்டின்போது நாசி லெமாக் பொட்டலத்தில் வேர்க்கடலையை நிறுத்தி வைத்துக் காட்டினாள்.

எங்கள் வேலைமுறை இது. ஒவ்வொரு வீச்சையும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்போம், ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்கு எல்லாம் பூட்டப்படும். அதுவரை மாற்றிக்கொள்ளலாம், யார் எப்போது மாற்றினார் என்பது ஹிஸ்டரியில் பதிவாகியிருக்கும். இரண்டு பேரின் குறிப்பும் ஒத்துப்போனால் அது அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விடும், வேறு யாரும் பார்ப்பதில்லை. ஒத்துப்போகாவிட்டால் மட்டும் சீனியரிடம் போகும். அவர் சொல்வதே தீர்ப்பு. தோற்றவர் கணக்கில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். பழைய சீனியர் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர். சம்பளம் பற்றாமல் அவர் போன பிறகுதான் முதலாளி நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார்.

நட்சத்திரம் என்பது புதிய சீனியருக்கு முதலாளி வைத்த பெயர். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்தவர். அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்தாராம். என்ன படித்தார் என்று கேட்டால் அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று சொல்வார். வாரத்தில் மூன்று நாள் ஏதோ ஒரு குழுவின் ஜெர்சி போட்டுக்கொண்டு வருவார். ஸ்டேப்ளரைப் பந்து பிடிப்பது போலப் பிடித்து, நடைபாதையில் எறிவது எப்படி என்று காட்டுவார். ஒரு தடவை அது கைநழுவித் தண்ணீர்க் குப்பியின் மேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் சிவப்புப் புள்ளிகள் அவர் கையில் இருந்தன.

அவருக்குத் தெரிந்த வியூகம் ஒன்றுதான். தூரமாக எறி. குட்டை வீச்சுகளாக எறிந்து மெல்ல மெல்ல முன்னேறும் குழுக்களைப் பார்த்தால் அவருக்குக் கொட்டாவி வரும். நீண்ட வீச்சு ஒன்று விழுந்தால் எழுந்து நின்று தனியாகக் கைதட்டுவார். பந்து போன இடத்தில் அவர் கண்ணும் போகும். இடையில் இருபத்து இரண்டு பேர் ஓடியதை அவர் கவனித்து நான் பார்த்ததில்லை. இப்படி ஓர் ஆளுக்கு எங்கள் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதற்கு மேல் முன்பணம் வேறு.

அதோடு வட்டம் நிரம்பிவிட்டது. ஒருவரை அனுப்ப வேண்டும் என்று முதலாளி அறிவித்தார். நியாயமாகச் செய்வாராம். அந்த மாதம் யாருக்குச் சிவப்புப் புள்ளி அதிகமோ அவர் போக வேண்டும். அங்கேயும் இப்படித்தான், சென்டிமென்ட் கிடையாது என்றார். குடும்பம் குடும்பம் என்று தீபாவளி விருந்தில் கட்டிப்பிடித்தவரும் இவரேதான்.

நட்சத்திரத்தின் தீர்ப்பில் அதிகம் அடிபட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவள் சரியாகக் குறித்து அடி வாங்கினாள். நான் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அடி வாங்கினேன். மாதக் கடைசியில் சம்பளத்துக்கு முந்தின திங்கட்கிழமை, இரண்டு பேரும் சமமாக நின்றோம்.

அன்று மதியம் கடையில் பால் கலக்காத தே ஓ குடிக்கும்போது அவள் ஒரு விஷயம் சொன்னாள். அவள் அப்பா வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். கிள்ளானில் ஒரு மலிவு விலை பிளாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நிரந்தர வேலைக்கான மூன்று சம்பளச் சீட்டு கொண்டுவந்தால் கடன் தருவதாக பேங்கில் சொல்லிவிட்டார்கள். அவளை நிரந்தரம் ஆக்கியே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இன்னும் ஒரு சீட்டுதான்கா. இந்த மாசம் தாண்டிட்டா போதும்" என்றாள்.

எனக்கு மட்டும் என்ன, வேறு வருமானமா இருந்தது? ஆனால் என் தலைக்கு மேல் கூரை இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த என் அப்பா செலாயாங்கில் வாங்கிப் போட்ட வீட்டில் நான் வாடகை இல்லாமல் இருந்தேன். அதை நான் அப்போது அவளிடம் சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லிவிட்டு அவள் குடித்ததற்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

சாயங்காலம் அவளுக்கும் எனக்கும் ஜோடியாக அந்த வீச்சு வந்தது. ஒருவன் குறுக்கே ஓடினான். எதிரணியில் யாரும் அவன் கூட ஓடவில்லை. ஆகவே இடத்தைக் காக்கிறார்கள். ரிசீவர் இடைவெளிவரை போனான். அங்கே நின்று திரும்பியிருக்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே போனான். அவன் நின்றிருக்க வேண்டிய இடத்துக்குப் பந்து சரியாக வந்தது. எதிரி சும்மா நின்று எடுத்துக்கொண்டான். ஒரே தடவை பார்த்தேன், தவறு ரிசீவருடையது என்று குறித்தேன். பக்கத்து மேசைக்காரியும் இதைத்தான் குறித்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தே முக்கால் மணிக்கு நட்சத்திரம் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அதே ஆட்டத்தைத் தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். யாருமே இல்லாத இடத்துக்கு எறிகிறானே, இவனுக்கெல்லாம் எவன் இத்தனை சம்பளம் கொடுத்தான் என்று சத்தமாகச் சொன்னார். தன்னைப் பற்றியே சொல்கிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஸ்டேப்ளரை எடுத்து, இப்படி எறிந்திருக்க வேண்டும் என்று வேறு காட்டினார். பக்கத்து மேசைக்காரி காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். எங்கள் வீடியோவில் சத்தம் கிடையாது. நட்சத்திரத்தின் குரல் கேட்கக் கூடாது என்பதற்காகவே தமிழ் ரேடியோ போட்டுக்கொள்வாள்.

அவர் கழிப்பறைக்குப் போனதும் நான் அந்த வீச்சைத் திரும்பத் திறந்தேன். தவறு குவார்ட்டர்பேக்குடையது என்று மாற்றினேன். ஆறு மணிக்குப் பூட்டு விழுந்தது. எங்கள் குறிப்பு ஒத்துப்போகவில்லை, ஆகவே அவரிடம் போனது. அவர் திறந்து பார்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கணக்கில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

மறுநாள் காலையில் முதலாளி அவளைக் கூப்பிட்டார். கண்ணாடி அறை என்பதால் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள், சம்பள நாள்வரை ஒரு வாரம் இருக்கலாமா, சீட்டு மட்டும் வேண்டும் என்று. வேலை முடிந்த தேதி கடிதத்தில் இருக்கும்போது அந்தச் சீட்டை வைத்து என்ன செய்வாய், எனக்கு கேப் இருக்கிறது, ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று முதலாளி பதில் சொன்னார். அங்கே எத்தனையோ கோடீஸ்வர ஆட்டக்காரர்களை இப்படித்தான் அனுப்புகிறார்கள், அவர்கள் எல்லாம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் ஆறுதல் சொன்னாராம். அப்படி ஒரு மண்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் தண்ணீர்ப் போத்தலையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு, வரேன்கா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நட்சத்திரம் அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. சிங்கப்பூரில் ஏதோ ஒரு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஜெர்சி ஒன்று இன்னும் அலமாரியில் தொங்குகிறது. கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை. முதலாளி வெள்ளைப் பலகைக்குப் போய், இதுதான் செத்த பணம், பெரிய குழுக்களுக்கெல்லாம் இது சகஜம் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நஷ்டப்பட்டதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. செத்த பணத்தின் காரணமாக அந்த வருடம் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. எனக்கு மட்டும் இருந்தது, ஏனென்றால் என்னைச் சீனியர் ஆக்கினார்கள். அவள் சம்பளத்தில் ஒரு பகுதி என் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டது. நன்றி பாஸ் என்றேன்.

நாற்காலி மாறிய முதல் வாரத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த வீச்சைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள், அவர்கள் இடத்தைக் காத்து நின்றார்கள், ரிசீவர் நின்று திரும்பியிருக்க வேண்டும், திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அதை என்னிடம் தள்ளிவிட்டார். அன்று அவள் எழுதியதை நான் அப்படியே தட்டி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அவளை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் கிள்ளானில் துணி எடுக்கப் போயிருந்தேன். ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை வாசலில் பெரிய பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கன்டெய்னர் டிப்போ ஒன்றின் கவுன்டரில் வேலை கிடைத்திருக்கிறது, நாள் சம்பளம் என்றாள். பிளாட் வேறு யாருக்கோ போய்விட்டது. அப்பாவின் சாமான்களைத் தோட்டத்து வீட்டிலிருந்து கட்ட வேண்டும், அதற்குத்தான் பெட்டி. அப்பா அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளப் போகிறார், அண்ணிக்கு அவ்வளவாக விருப்பம் இல்லை என்று இயல்பாகத்தான் சொன்னாள்.

எனக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. முதலாளியைத் திட்டினேன். நட்சத்திரம் ஓடிப்போனதைச் சொன்னேன். கண்ணில்லாத ஜென்மங்கள், பந்தைத் தவிர எதுவும் தெரியாது என்றேன். கடைசியில் அந்த மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னேன், நீதான் சரி என்று அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்கள் என்று.

அவள் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்கா. உங்களுக்கும் அன்னைக்கே தெரியும்" என்றாள். "பூட்டுனதுக்கு அப்புறம் ஹிஸ்டரி தெறந்து பாத்தேன். மொதல்ல ரிசீவர்னு போட்டிருந்தீங்க. ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி மாத்திட்டீங்க. அத மாத்தலன்னா அவரு கைக்கே போயிருக்காது."

"பயந்துட்டேன்மா" என்றேன். அந்த வார்த்தையை நான் பல மாதங்களாக எனக்கே சொல்லி வைத்திருந்தேன். அதனால் தடையில்லாமல் வந்தது.

அவள் கடைசிப் பெட்டியையும் உள்ளே இறக்கினாள். குரலில் கோபம் இல்லை.

"இல்லக்கா. பயந்திருந்தா என் தோள தட்டி சொல்லியிருப்பீங்க. நானும் மாத்தியிருப்பேன். ரெண்டு பேருக்கும் புள்ளி விழுந்திருக்காது."

அவள் பஸ் வந்தது. பெட்டிகளைத் தூக்க நான் கை நீட்டுவதற்குள் அவளே தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். அவள் சொன்ன வழி அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் அவள் தோளைத் தட்டியிருக்க மாட்டேன்.